கல்லில் உள்ள வாக்கியம்

இலக்கியக் கூட்டத்துக்கும் சரித்திரக் கூட்டத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம், சரித்திரக் கூட்டத்தில் பேசுகிறவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது. ஒரு பாறை, ஒரு நடுகல், எதுவும் இல்லையென்றால் ஒரு செல்லாக்காசு. பேசுகிறவர் உளறினால் கேட்கிறவன் அவர் தோளுக்கு மேலாக அந்தப் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம்முடைய கூட்டங்களில் அந்த வசதி கிடையாது. கவிதையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கவிதை இருப்பதில்லை, பேசுகிறவர்தான் இருக்கிறார். முப்பது வருஷங்களுக்கு மேல் இலக்கியக் கூட்டங்களில் பெஞ்சு தேய்த்தவன் நான். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடக்கும் கூட்டங்களுக்குப் போய் உட்காருவதைத்தான் அதிகம் விரும்புகிறேன். முட்டிதான் ஒத்துழைப்பதில்லை.

மதுரையில் இதற்குப் பஞ்சம் இல்லை. ஊரைச் சுற்றிக் கல் இருக்கிறது, கல்லில் எழுத்து இருக்கிறது, எழுத்தைக் காட்ட ஆள் இருக்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை 2010-ல் எழுந்து, சுற்றியிருந்த கிராமத்தார் அதை எதிர்த்த சமயத்தில், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் நண்பர்களோடு ஆரம்பித்த பசுமை நடை இவற்றில் பலருக்கும் தெரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறுமுன் ஒரு குன்று. தொல்லியல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை முன் நின்று படித்துச் சொல்வார்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து இட்லி. இதைத் தவிர சின்ன ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கூட்டுறவு வங்கி குமாஸ்தாக்களும் ஒன்றிரண்டு கல்லூரிப் பையன்களும் சேர்ந்து நடத்தும் வரலாற்றுக் கழகங்கள், ஆய்வு வட்டங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சொத்து என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு டார்ச் லைட்டும்தான். நமது சிறுபத்திரிகைகளோடு ஒப்பிட டார்ச் லைட் அதிகம்.

இவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றில் கல்வெட்டு வாசிக்கப்படுகிறது. மற்றதில் கல்வெட்டு கொண்டாடப்படுகிறது. இரண்டும் ஒரே ஆட்களால், சில சமயம் ஒரே நாளில், காலையும் மாலையுமாக நடத்தப்படுவதும் உண்டு. நான் சொல்ல வந்தது இந்தக் காலைக்கும் மாலைக்கும் நடுவில் உள்ள சங்கடத்தைப் பற்றி.

கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்கிறேன். சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள். மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் ஊர்க்காரர்களுக்குச் செட்டியார். நீண்ட காதும் நிறைவான உடம்பும் பார்த்து வைத்த பெயர். சரித்திரக்காரர்கள் சில பேர் இதற்குச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் வருஷம் கழித்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ‘யாரோ’ என்று விடாமல் தெரிந்த முகமாக்கிக்கொள்வதும் ஒரு வாசிப்புதான். குகைக்குள்ளே சிங்கத்தின் மேலேறி வில்லோடு நிற்கும் இயக்கி. எதிரே யானை மேல் ஒருவன். அந்தச் சிற்பத்தில் உள்ள வேகம் தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் பலவற்றில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, மேலே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி, யார் யார் செய்வித்தார்கள் என்று இருக்கிறது. அவற்றில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. மதுரைக் குன்றுகளில் மட்டுமல்ல, வடக்கே வள்ளிமலையிலும் தெற்கே சிதறாலிலும் அந்தப் பெயர் வருகிறது. ஊர் ஊராக, மலை மலையாகப் போய்ச் சிற்பம் செதுக்க வைத்த துறவி. துறந்தவனுக்குத் தாய் ஏது? இருக்கிறாள் என்கிறது கல். குணமதியார் தன்னை வேறு எந்த உறவாலும் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னார் மனைவி இல்லை, இன்னார் மகள் இல்லை, இன்ன ஊர் இல்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளையின் தாய், அவ்வளவுதான்.

அன்று அதைப் படித்துச் சொன்னவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுத்தின் மேல் படாமல் விரலைக் காற்றில் நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பிறகு சேர்த்து ஒருமுறை சொன்னார். எண்பது பேர் இருப்போம். பின்னால் ஒரு அம்மாள், இடுப்பில் பேரப்பிள்ளை, பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்: “அந்தம்மா பேரும் போட்டிருக்காகளா?” ஆமாம் என்றார். “அதான பாத்தேன்” என்றாள். எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் ஒரு வாக்கியம் எழுதினவர் கையிலிருந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நம்முடைய பத்திரிகைகளில் இது எத்தனை தடவை நடந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

இன்னும் பழையதற்குப் போகிறேன், ஏனென்றால் எனக்கு அதில்தான் ஆசை. மேலூர் போகிற வழியில் மாங்குளம், ஓவாமலை. ஏறுவது கஷ்டம். மேலே இயற்கையான குகைத்தளம், நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வழிய வெட்டின காடி, தரையில் வழவழப்பாக்கின படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. பாறையில் தமிழ் பிராமி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணக்கிட்டது. கணி நந்தன் என்ற ஆசிரியருக்காக, நெடுஞ்செழியனிடம் பணி செய்த கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி என்கிற மாதிரி ஒரு செய்தி. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு கொடுத்தது என்று இன்னொன்று.

இந்த எழுத்து ராபர்ட் சீவலின் கண்ணில் பட்டது 1882-ல். இந்த வகைக் குகை எழுத்துகளின் பாஷை தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924-ல். நெடுஞ்செழியன் பெயர் அதிலிருந்து சரியாக வெளியே வந்தது 1960-களில், மகாதேவன் கையால். பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவே எண்பது வருஷம். பிராகிருதம் என்று நினைத்துப் படித்தவர்களுக்கு அது பிராகிருதமாகவும் ஆகவில்லை, தமிழாகவும் ஆகவில்லை, வெறும் கீறலாக நின்றது. எழுத்து தெரிந்தும் வாக்கியம் தெரியாத நிலை. புதுக்கவிதை வந்த புதிதில் பண்டிதர்கள் நின்ற இடம் இதுதான் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லிவிட்டேன். மகாதேவனின் பெரிய புத்தகம் 2003-ல் வந்தபோது அதை ஹார்வர்டோடு சேர்ந்து வெளியிட்டது நம்முடைய க்ரியா. நவீன எழுத்துக்குப் பதிப்பகமாக இருந்த இடமே மிகப் பழைய எழுத்துக்கும் பதிப்பகமாக இருந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகையில் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன்கொல்லன். ஆளாளுக்குத் தன் பெயரும் தொழிலும். அறுவை என்றால் துணி. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. குகையில் இருப்பவர் வேறு ஆள், பெயர் வேறு. ஆனால் துணி விற்கிற ஒருவர் கவிதை எழுதினார், துணி விற்கிற இன்னொருவர் மலையில் யாரோ படுத்துத் தூங்குவதற்குக் காசு கொடுத்தார், இரண்டு பேரும் இதே மதுரை வட்டாரம் என்பதை அந்தக் குகையில் குனிந்து நிற்கும்போது நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. முதலாமவர் எழுதினது ஓலையில், பிரதி மேல் பிரதியாக நம் கைக்கு வந்தது. இரண்டாமவர் பெயரை வெட்டின இடத்திலேயே, நடுவில் யார் கையும் படாமல், நாம் போய்ப் பார்க்கலாம்.

நான் கவனிக்கிற இன்னொன்று வினைச்சொல். கொட்டுவித்தான், கொடுப்பித்தான், செய்வித்தான். எல்லாம் பிறவினை. செய்தவன் இல்லை, செய்வித்தவன். தமிழில் நம் கையில் இருக்கும் மிகப் பழைய வாக்கியங்களில் பலவும் இந்தப் பிறவினையில்தான் முடிகின்றன. உளி பிடித்தவன் பெயரைச் சொல்ல அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. அவன் இருக்கிறான் என்பதற்கு அந்த ‘பி’, ‘வி’ விகுதி ஒன்றே சாட்சி. ஒரு கூட்டத்தில் கேள்வி நேரத்தில் இதைச் சொன்னேன். தலைமை வகித்தவர், “நல்ல இலக்கியப் பார்வை” என்று முடித்துவிட்டார். இலக்கணப் பார்வை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி கண்காட்சிகள். ஒரு ஊர் – பெயர் எதற்கு – வரலாற்று அமைப்பு ஒன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் பொருட்காட்சி வைத்திருந்தது. வாசலில் துணிப் பதாகை: உலகின் மூத்த குடி, முதல் மொழி, இத்தியாதி. உள்ளே மரக்கால், படி, உழக்கு, பாக்குவெட்டி, வால்வு ரேடியோ, யாரோ ஒரு ஜமீன் வீட்டு வேல்கம்பு. தெர்மோகோல் அட்டையில் பெவிகால் வைத்து ஒட்டின காசுகள். காசு சேர்க்கிற நண்பர் ஒருவர் என் கூட வந்திருந்தார். அந்த அட்டையைப் பார்த்ததும் வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார், திரும்பி வரவில்லை. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஓலைச்சுவடி. கயிறு அவிழ்க்காமல் கட்டினபடியே. முன்னால் அட்டையில் ‘பழங்கால ஓலைச்சுவடி’. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே இருந்த பையனைக் கேட்டேன். “பழங்காலம் சார்” என்றான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். வைத்தியமாக இருக்கலாம், கடன் கணக்காக இருக்கலாம், யாரும் கேள்விப்படாத ஒரு தல புராணமாக இருக்கலாம். பழமை என்பது படிக்காமல் இருப்பதற்கான ஒரு காரணமாக அங்கே ஆகியிருந்தது. மேடையில் சிறப்பு விருந்தினர் பேசினது இதே பழமையைப் பற்றி நாற்பது நிமிஷம். சுவடியை அவரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

கீழடிப் பொருட்களை 2019-ல் மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தபோது நானும் வரிசையில் நின்றேன். அது அரசாங்கக் காரியம், ஒழுங்காக இருந்தது. ஜனங்களின் முகத்தில் ஒரு பரவசம் இருந்தது, கோயிலில் திரை விலகும்போது வருகிற மாதிரி. எதிரே இருந்ததோ ஓட்டுச் சில்லு. குவிரன், ஆதன் என்று சில்லில் கீறின பெயர்கள். இன்றைக்கு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோமே, அது. எனக்கு முன்னால் நின்றவர் தன் பெண்ணிடம், “பாத்தியா, நம்ம எவ்வளவு பெரிய ஆளுக” என்று சொன்னார். அந்தச் சில்லில் இருந்த ஆள் தன் பானை தொலைந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர். அவ்வளவு சின்ன மனுஷர். அந்தச் சின்னத்தனத்தில்தான் என் பிரியம்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலேயே, வராந்தாவின் மூலையில், வேறொன்றும் நடந்தது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கிருந்தோ கொண்டுவந்து சாத்தி வைத்திருந்த ஒரு துண்டுக் கல்வெட்டின் முன் உட்கார்ந்து மைப்படி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் கல்லைக் கழுவினார். நார்ப் பிரஷ்ஷால் எழுத்தின் பள்ளத்திலிருந்த மண்ணை நிதானமாக எடுத்தார். தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் போர்த்தினார். பிறகு பிரஷ்ஷால் தட்டல். விடாமல், ஒரே தாளத்தில், தாள் கிழியாமல், அது எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும்வரை. தாள் அரை ஈரமாக இருக்கும்போது துணிப் பந்தை மையில் தொட்டு, தொட்டதில் பாதியை இன்னொரு தட்டில் ஒற்றி எடுத்துவிட்டு, தாளின் மேல் ஒற்றினார். கல்லின் மேடெல்லாம் கருத்தது. பள்ளத்தில் மை போகாததால் எழுத்து வெள்ளையாக எழுந்தது. சுற்றி நின்ற பையன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். உள்ளே வேல்கம்பின் முன் ஒருவனும் இல்லை.

“மை கம்மியா இருக்கணும் தம்பி. நெறையப் போட்டா எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாப் போயிரும்” என்றார் ஒரு பையனிடம். அவர் மையைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் குறித்துக்கொண்டேன்.

நூற்றுமுப்பது வருஷங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் இந்த முறையில்தான் தாளுக்கு வந்திருக்கின்றன. கல்வெட்டு அலுவலகம் சென்னையிலிருந்து உதகைக்குப் போய், 1966-ல் மைசூருக்குப் போனபோது, படிகளும் கூடவே போயின. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது 2021-ல். அந்தச் செய்தி வந்த அன்று பலரும் அதை ஒரு வெற்றியாகப் பேசினார்கள். ஓவிய ஆசிரியரிடம் கேட்டேன். “எங்க இருந்தாலும் பூச்சி அரிக்காம இருக்கணும்யா” என்றார்.

தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ஆவணம் என்ற இதழை நடத்துகிறது. வருஷத்துக்கு ஒன்று. நம் வாசகர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பேன். எங்கோ ஒரு கிராமத்து ஆசிரியர், கண்மாய்க் கரையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்ததைப் படித்து அனுப்பியிருப்பார். பாடம், இடம், காலம், இரண்டு வரிக் குறிப்பு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கழகத்தின் கருத்தரங்கில் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கல்வெட்டைச் சொல்வார்கள். வரி விலக்கு, ஆடு தானம், மடை வைத்தது, சண்டையில் செத்தது. எவரும் பெருமை பேச நேரம் இருக்காது, அடுத்தவர் காத்திருப்பார். நான் கேட்ட கவிதை வாசிப்புகள் பலவற்றைவிட அது மேலாக இருந்தது.

இந்த இரண்டு ஜாதி என்ற பிரிவினை இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாசிக்கிறவர்கள் பக்கம் நான், கொண்டாடுகிறவர்கள் எதிர்ப்பக்கம். அரிட்டாபட்டி அதைக் கொஞ்சம் சிக்கலாக்கிவிட்டது.

ஓவாமலைக்குப் பக்கத்து ஊர்தான் அரிட்டாபட்டி. மலையில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். அங்கே லகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வம். பாறையில் தீர்த்தங்கரர், வட்டெழுத்து. குகையில் தமிழ் பிராமி. மேலே வல்லூறுகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். அறிவிப்புக்கு முன்பே நான் அங்கே ஒரு நடையில் போயிருக்கிறேன். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி எங்களை நிறுத்தி, “எங்கய்யா போறீக, பஞ்சபாண்டவர் படுக்கைக்கா?” என்றாள். மதுரைப் பக்கம் எல்லாக் குகைப் படுக்கையும் பஞ்சபாண்டவர் படுக்கைதான். எங்களோடு வந்த ஒரு இளைஞர், “அது பாண்டவர் இல்ல பாட்டி, சமணர்” என்று ஆரம்பித்தார். கிழவி பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “சரிப்பா, அவுகளும் வீடு வாசல் இல்லாம வந்தவுகதான?” என்றாள். இளைஞருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். சமணர் வாசலையும் பாண்டவர் வாசலையும் ஒரே சாவி போட்டுத் திறந்துவிட்டாள். மதுரையில் சமணரைக் கழுவேற்றின கதை கோயில் திருவிழாவில் இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது என்பதையும், பதினைந்து மைல் தள்ளி இந்தப் படுக்கைகளுக்கு ஒரு கிழவி இப்படி இடம் கொடுத்திருக்கிறாள் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

2024 நவம்பர் 7-ல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. 2015 ஹெக்டேர், அரிட்டாபட்டியும் அதற்குள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டசபை தீர்மானம். 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தும் வண்டிகளிலும் மதுரைக்கு வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

அந்த ஊர்வலத்தை நான் தல்லாகுளம் பக்கம் ரோட்டோரம் நின்று பார்த்தேன். கண்மாய், வயல், கோயில் காடு – இவைதான் அவர்களுக்கு முதல். ஆனால் அட்டைகளில் பிராமி எழுத்தும் இருந்தது. இரண்டாயிரம் வருஷத்து எழுத்து இருக்கிற மலை, தமிழன் பெருமை, மூத்த குடி. அந்தப் பள்ளிக்கூட வாசலில் எனக்குக் கசந்த அதே சொற்கள். பதினான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தவர்கள் இல்லையென்றால் அந்த அட்டையில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் வாசிப்போடு நின்றிருந்தால் மலை நின்றிருக்குமா என்று கேட்டால், நிதானமாக யோசித்து, நின்றிருக்காது என்றுதான் சொல்வேன். 2012-ல் கிரானைட் விவகாரம் வெளியே வருவதற்கு முன் மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் எப்படிப் போயின என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண்பது பேருக்கு ஒரு வாக்கியம் புரிவது சுரங்கத்தை நிறுத்தாது. எண்பதாயிரம் பேருக்கு அது புரியாமலே பெருமையாக இருந்தால் நிறுத்தும்போலிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கலை உணர்வு தனி மனிதனுடையது, கும்பலுக்கு அது கிடையாது என்றெல்லாம் இந்தப் பக்கங்களில் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கும்பலுக்குக் கலை உணர்வு கிடையாதுதான். மலை இருக்கிறது.

சென்ற வருஷம் எங்கள் பக்கத்துச் சின்ன வட்டம் ஒன்று, அந்த ஓவிய ஆசிரியர் எடுத்தவையும் மற்றவர்கள் எடுத்தவையுமாகச் சில மைப்படிகளையும் படங்களையும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் காட்சிக்கு வைத்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே வைக்க அட்டை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். வாசல் பதாகையில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்கவில்லை. அது வழக்கம்போல ‘உலகின் மூத்த’ என்றுதான் ஆரம்பித்தது. நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அட்டைக்கு மட்டும் மூன்று நிபந்தனை சொன்னேன்: பாடத்தின் பொருள் இருக்க வேண்டும், காலம் இருக்க வேண்டும், அடைமொழி இருக்கக் கூடாது. ஓவிய ஆசிரியர் சரி என்றார். அட்டை அளவு சின்னது, நாலு வரிக்கு மேல் போகாது. குணமதியாருக்கு மூன்று வரி போதுமாக இருந்தது.

அரிட்டாபட்டிக் குகைக் கல்வெட்டுகளில் ஒன்று 2003-ல் கண்டுபிடித்தது. இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்பவன் கொடுப்பித்த குகை என்று செய்தி. நான் எழுதினேன்: ‘இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுப்பித்த குகை.’ ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஒரு எழுத்த விட்டுட்டீங்களே. ‘நல்’லுன்னு இருக்கு பாருங்க. நல்ல குகை.”

“அது அடைமொழிதானே சார்.”

“அவன் போட்டதுய்யா.”

‘நல்ல’ என்று மேலே நுணுக்கிச் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு நாளும் கூட்டம் இருந்தது. பதாகையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் கொஞ்சம் பேர் உள்ளேயும் வந்தார்கள்.